தெரிஞ்சேதான் வைக்கிறேன்

அந்த அக்கா டீ குடித்து முடித்ததும் கப்பைக் கவிழ்த்து அதன் அடியைப் பார்ப்பார். நாமெல்லாம் குடித்தோமா, வைத்தோமா என்று போய்விடுவோம். அவர் மட்டும் கட்டைவிரலால் அடி விளிம்பை ஒரு சுற்றுத் தடவி, "இங்க பாரு தம்பி, ஊசி முனையாட்டம் ஓட்டை. துடைச்சவ பாக்காம உட்டுட்டா" என்பார். எங்கள் பக்கத்து டீக்கடைக்கு வருகிற பீங்கான் கப்பெல்லாம் செராமிக் கம்பெனியில் கழித்துப் போட்டவை. அதில் குறை இல்லாத கப்புக்கு எங்கே போவது? ஆனால் அவருக்குப் பொறுக்காது. "சுட்டதுக்கு அப்புறம் அழுது என்னா பண்றது? பச்சையா இருக்குறப்பவே பாத்துடணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கப்பைக் கீழே வைப்பார்.

போன வாரம் பாப்பா காலேஜ் வேலையை லேப்டாப்பில் செய்துகொண்டிருந்தபோது, "கமிட் பண்ணிட்டியாம்மா?" என்று கேட்டேன். "இருப்பா, அரைகுறையா இருக்குது. முழுசா முடியட்டும்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அந்த அக்கா ஞாபகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து வேறு எதிலும் மனசு போகவில்லை. அதனால் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். சின்னவனுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதப் பார்க்கிறேன். அவர் பெயரைப் போடவில்லை. ஒரு காரியத்தில் தன் பெயரைப் போடுவதென்றாலே பயந்தவர் அவர்.

அந்தப் பயம் சும்மா வரவில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனியில் பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் செய்வார்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பக்கமும் சேருகிற இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து மழமழப்பாக்குவது அவர் வேலை. துடைத்ததைப் பலகையில் அடுக்குவார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பலகை. பலகை ஓரத்தில் சாக்பீசால் அவளவள் குறி. சூளை நிறைகிற வரைக்கும் காத்திருந்து, நிறைந்த பிறகுதான் தீ மூட்டுவார்கள். பாதிச் சூளையை எரித்தால் எரிபொருள் வீண். சுட்டு இறக்கியதும் விரிசல் கண்டதையெல்லாம் மேஸ்திரி தனியாக எடுத்து வைத்து, இது யார் பலகை என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

ஒரு தடவை அக்கா பலகையிலிருந்து போன யானைப் பொம்மைகளுக்கெல்லாம் காதோரம் விரிசல். அச்சு பழசாகிப் போனதுதான் காரணம். மேஸ்திரிக்கு அதெல்லாம் கணக்கு இல்லை. ஒவ்வொரு யானையாகத் தூக்கிக் காட்டி, "இதும் இந்தம்மாதான். இதும் இந்தம்மாதான்" என்றாராம். இதை எனக்குச் சொல்லும்போது அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த வேலையை அவராக விடவில்லை. இருமல் விடவைத்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "நெஞ்சுல மண்தூசி படிஞ்சிருக்குது. இனிமே அந்த வேலைக்குப் போனீங்கன்னா மூச்சுக்கே கஷ்டம்மா" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் இல்லை. மகள் பெரம்பலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சம் கம்ப்யூட்டர் படித்தவர். தூசி இல்லாத ஒரு நாற்காலி கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன் என்று வந்தார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

நானும் அப்போது சூளை அடுக்குகிற வேலை பறிபோய் வந்தவன்தான். ஐ.டி.ஐ. படிப்பு. எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தவர் ஜங்ஷன் ரோட்டில் மருந்துக்கடை மாடியில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் நடத்திய சார். அரிசி மண்டிக்கும் செராமிக் கம்பெனிக்கும் பில் போடுகிற புரோகிராம் செய்து கொடுப்பார். வயதில் எங்களைவிடச் சின்னவர். அக்கா அவரை ஆபீசுக்குள் சார் என்பார், படிக்கட்டில் பார்த்தால், "சாப்ட்டியா தம்பி? மொகம் வாடிக் கெடக்குது" என்பார்.

"என்னாக்கா இது, உள்ள சாரு, வெளிய தம்பியா?" என்று சார் ஒருநாள் கேட்டார்.

"உள்ள நீங்க என்னைத் திட்டுவீங்க. வெளிய நான் உன்னைத் திட்டுவேன்."

முதல் நாளே சார் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "மூணு மாசம் சொல்லித் தரேன். அதுக்கப்புறம் ஒருத்தருக்குத்தான் என்னால சம்பளம் குடுக்க முடியும். ரெண்டு பேரும் மனசுல வச்சுக்குங்க." அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது சின்னவனுக்காக ஒன்று சொல்கிறேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் கிட் என்று ஒரு கருவி வைத்திருப்பார்கள். நீ எழுதியதை, இந்த நிமிஷம் எப்படி இருக்கிறதோ அப்படியே அது பதிந்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பதிவதற்குப் பெயர்தான் கமிட். ஒவ்வொரு கமிட்டிலும் உன் பெயரும், என்ன செய்தாய் என்று நீ எழுதுகிற ஒரு வரியும் இருக்கும். நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால், பதிந்து வைத்த எந்த இடத்துக்கும் திரும்பிப் போகலாம். பதியாத வேலையை அது காப்பாற்றாது.

சார் இதைச் சொன்னதும் அக்கா கேட்டார். "திரும்பிப் போவலாமா? வச்சதுக்கு அப்புறமுமா?"

"எப்ப வேணாலும் போவலாம்க்கா. அதுக்குத்தானே வைக்கிறதே."

"எம் பேரு போட்டு வச்சதுல தப்பு இருந்தா?"

"அடுத்ததுல திருத்துங்க. முடிஞ்சுது."

அக்கா தலையாட்டினார். புரிந்த தலையாட்டல் இல்லை அது. மேஸ்திரி சொல்வதற்கு ஆட்டுகிற தலையாட்டல். அவர் மனசில் கமிட் என்பது சூளையாகவே நின்றுவிட்டது. ஏற்றினால் சுட்டுவிடும், சுட்டால் திரும்பாது, விரிசல் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதனால் பலகை நிறைய வேண்டும், எல்லாம் துடைத்திருக்க வேண்டும், அப்புறம்தான் ஏற்ற வேண்டும். இது வேறு ஊர்க்காரருக்குத் தோன்றியிருக்குமா, தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. நானும் சூளை அடுக்கியவன்தானே.

நான் தப்போ சரியோ, சாயந்திரமானால் அன்றைக்கு எழுதியதைக் கமிட் செய்துவிட்டுக் கிளம்புவேன். அக்கா எட்டிப் பார்த்து முகம் சுளிப்பார்.

"ஏந் தம்பி, ஓடாததை எல்லாம் இப்புடி உம் பேரு போட்டு ஏத்துற? வெக்கமா இல்ல?"

"சாரு சொன்னாருக்கா."

"சாரு சொல்லுவாரு. நாளைக்கு நாலு பேரு பாக்குறது உம் பேரைத்தானே?"

வேலையில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. போனில் பேசிப் பதிந்து அனுப்பலாம் என்று மத்தியானம் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். பேசுவார், கேட்பார், அழிப்பார். "கொரல் கரகரன்னு இருக்குது", "நடுவுல இருமிட்டேன்", "பஸ்ஸு சத்தம் கேக்குது." கடைசியில், "தொண்டை நல்லான பிறவு அனுப்பிக்கறேன்" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் மகள் கூப்பிட்டுக் கத்தியது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "ஒரு வார்த்தை அனுப்ப மாட்டியாம்மா? இருமலோட அனுப்புனா என்னா கொறைஞ்சுடும்?"

அக்காவுக்குக் கொடுத்த வேலை, ஒரு செராமிக் கம்பெனிக்காகச் செய்த புரோகிராமில் ஒரு பக்கம். சரக்கு போகும்போதும் வரும்போதும் எத்தனை உடைந்தது என்று பதிகிற உடைசல் பக்கம். அதை அவர் எழுதிய அழகை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பொத்தான் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால்கூட ஸ்பாஞ்சால் துடைக்கிற மாதிரி அதையே சரிசெய்துகொண்டிருப்பார். சார் தினமும் கேட்பார். "கமிட் பண்ணிட்டீங்களாக்கா?"

"நாளைக்கு சார். ஒரு ஓரம் பாக்கி இருக்குது."

அவர் திரையில் பக்கம் நன்றாகவே ஓடியது. சாரும் பார்த்துத் திருப்தியாகி, கம்பெனி கம்பெனியாக அலையக் கிளம்பிவிடுவார். மூணு மாசம் இப்படியே கரைந்தது. கம்பெனிக்காரர் வந்து பார்க்கிற நாளையும் குறித்தாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு, யாரை வைத்துக்கொள்வது என்று சொல்வதாகச் சார் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின நாள். மத்தியானம் டீக்கடையில் அந்தப் பழைய மேஸ்திரி நின்றிருந்தார்.

"என்னா கம்ப்யூட்டர் அம்மா! உம் பலகை காலியாத்தான் கெடக்குது. எப்ப வர?"

"நீயே அதுல ஏறி ஒக்காந்துக்க."

"நான் ஒக்காந்தா ஒடைஞ்சிடும்மா!"

"ஒடைஞ்சா யாரு குறி போட்டிருக்குதுன்னு பாத்து, அவளைக் கூப்டுத் திட்டு."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்போடு இருமல் வந்து நிற்கவே இல்லை. கப்பைப் பெஞ்சில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்குக் கப்பின் அடியைப் பார்க்கவில்லை.

மேலே வந்ததும், "இன்னிக்கு ஏத்திடறேன் தம்பி" என்றார். முகத்தில் ஒரு தெளிவு. சூளைக்கு ஏற்றுவதற்கு முன்னால் மேசையைத் துடைத்துப் பழகியவர், திரையில் திறந்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடினார். அப்புறம் கிட்டிடம் என்ன நிலைமை என்று கேட்டார். அது ஒரு பட்டியல் காட்டியது, எல்லாம் சிவப்பு எழுத்தில். அவர் புதிதாக உண்டாக்கிய கோப்புகள் எல்லாம் இன்னும் பதியப்படவில்லை என்று சொல்கிற பட்டியல் அது. அக்கா அதை அழுக்கு என்று எடுத்துக்கொண்டார். செவப்பா இருக்கிறதை வைத்துக்கொண்டு எப்படி ஏற்றுவது? போனில் தேடி, அந்தச் சிவப்பு வரிகளைப் போக்குகிற கட்டளை ஒன்றைக் கண்டுபிடித்தார். அடித்தார். கிட் முதலில் மறுத்தது. இன்னொரு எழுத்தைச் சேர்த்தால்தான் செய்வேன் என்றது. அக்கா அந்த எழுத்தையும் சேர்த்து அடித்தார்.

சிவப்பு வரிகள் போய்விட்டன. அந்தக் கோப்புகளும் போய்விட்டன.

"தம்பி, இங்க வா" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். திரை சுத்தமாக இருந்தது. துடைத்து வைத்த மாதிரி.

சார் ஓடி வந்தார். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில் தேடினார். தனக்குத் தெரிந்த இடமெல்லாம் தேடினார்.

"ஒரு கமிட்டு கூடவா பண்ணல? ஒண்ணு கூடவாக்கா?"

அக்கா கட்டளை தேடிய போனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஒரே ஒரு தடவ, ஒரு தடவ வச்சிருந்தீங்கன்னா..." சார் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

பிள்ளைகளே, அழுகிறவர்களைப் பார்ப்பது கூடப் பரவாயில்லை. அக்கா அழவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "அந்தத் தூசிக்கே போவணுமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை.

அப்புறம் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தார். "பஸ்ஸுக்கு நேரம் இருக்குது" என்றார். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கடைசி பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக வழியும் கிடையாது. அதற்குள் முடிந்ததுதான்.

மனப்பாடமாக எழுத ஆரம்பித்தார். சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேல்பகுதி வந்ததுமே, "வைங்கக்கா" என்றார்.

"இன்னும் ஓடலையே சார்."

"ஓட வேணாம். வைங்க."

"எம் பேரு போட்டா?"

"உங்க பேரு போட்டுத்தான்."

என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுத வேண்டுமே. சார் இங்கிலீஷில் ஏதோ சொல்லப் போனார். அக்கா தமிழிலேயே அடித்தார். "இது ஓடல. தெரிஞ்சேதான் வைக்கிறேன்." எண்டர் கட்டைக்கு மேலே அவர் விரல் அப்படியே நின்றது. சூளைக் கதவு திறக்கும்போது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அனலுக்காக மட்டும் இல்லை. அதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினார்.

ஒன்றும் ஆகவில்லை. யாரும் திட்டவில்லை.

அப்புறம் நாலு வரி எழுதினால் ஒரு கமிட். நடுவில் திடீரென்று நிறுத்தி, "திரும்பிப் போவலாமுன்னீங்களே, காட்டுங்க பாப்போம்" என்றார். சார் காட்டினார். திரையில் பக்கம் பழைய நிலைமைக்குப் போனது. மறுபடி முன்னால் கொண்டுவந்தார், புதுசு வந்தது. அக்கா தன் கையாலேயே செய்து பார்த்தார். என் தோளைத் தட்டினார்.

"தம்பி, பாரேன்! சுட்டது மண்ணாவுது, மண்ணு திரும்பப் பொம்மையாவுது!"

அந்த மூணு மாசத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த நொடியே அது வாடிப்போனது.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

"மொதல் நாளே சொன்னேனேக்கா."

"சொன்னீங்க. காதுல உழுந்துச்சு. உள்ள போவல."

பஸ் நேரம் வரும்போது பாதிதான் வந்திருந்தது. உடைசல் எண்ணிக்கையை அடிக்க முடிந்தது. அதைக் கணக்கில் சேர்க்கிற பொத்தான் மட்டும் அசையவில்லை. பைக்குள் டப்பாவை வைத்துக்கொண்டே, நின்றவாக்கில் கடைசியாக ஒரு வரி அடித்து வைத்துவிட்டு ஓடினார்.

மறுநாள் கம்பெனிக்காரர் வந்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம் எல்லாம் நன்றாகப் போனது. உடைசல் பக்கத்தில் எண்ணை அடித்தார். பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். சாரைப் பார்த்தார். சார் பேசுவதற்கு முன்னால் அக்கா எழுந்து நின்றுகொண்டார். "அது நான் செஞ்சதுங்க. இன்னும் முடியல" என்றார். யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

சாயந்திரம் சார் எங்களை உட்காரவைத்து, என்னைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று சொன்னார். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று நான் கேட்டேன். சும்மா கையை விரித்துக் காட்டினார். அக்காதான் அவரைத் தேற்றினார். "உடு தம்பி. நீ என்னா பண்ணுவ? சாப்புடு நேரத்துக்கு." ஆபீசுக்குள் வைத்து அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

படி இறங்கும்போது என்னிடம், "நான் வச்ச வரைக்கும் இருக்குது தம்பி. அங்கேர்ந்து எடுத்துக்க. மொதல்லேர்ந்து போவாத" என்றார். "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. இருமிக்கொண்டே இறங்கிப் போனார். அடுத்த வாரமே பழைய பலகைக்குப் போய்விட்டார் என்று டீக்கடையில் மேஸ்திரி சொன்னார். இந்தத் தடவை அவரும் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரே ஒரு முறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வாயைத் துண்டால் கட்டியிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. என் சுகம் கேட்கவில்லை, உங்கள் இருவரையும் கேட்கவில்லை. "அந்தப் பொத்தானு வேலை செய்யுதா?" என்றுதான் கேட்டார்.

"செய்யுதுக்கா. தினம் அதுலதான் கணக்குப் போடறாங்க."

"எம் பேரு?"

"அழிக்கலக்கா. அப்படியே இருக்குது."

"விரிசலோடயா?"

"விரிசலோட."

துண்டுக்குள் சிரித்தார் போலிருந்தது. பஸ் வந்துவிட்டது. போனை எடுத்து, "மவளுக்குத் தினம் பேசி அனுப்பறேன் தம்பி, இருமலோட" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். அதற்குப் பிறகு அந்த நம்பர் கிடைக்கவில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் போய் விசாரித்தேன். வீடு பூட்டியிருந்தது. மகள் வந்து கூட்டிப் போனதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பாப்பா, ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஆபீசுக்கு வா. தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. அந்த உடைசல் பக்கத்தில் யார் யார் என்ன செய்தார்கள் என்று கிட் வரிசையாகக் காட்டும். கீழே போய்க்கொண்டே இரு. அடியில் அந்த அக்கா பெயர் இருக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே நாளில் வைத்தது. அவர் நின்றவாக்கில் அடித்த கடைசி வரி இதுதான்.

"சேக்குற பொத்தான் வேலை செய்யல. யாராவது பாத்துக்குங்க."

அதற்கு நேர் மேலேதான் உங்கள் அப்பா பெயர் ஆரம்பிக்கிறது.